மலைக்காற்றுக்கு வைத்த அளவு

என் வீட்டுக்காரருக்கு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். பெற்ற மகளை வா என்று கூப்பிடத் தெரியாது. அதனால்தான் அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க என் சமையலறையில் பெட்ரோல் நாற்றம் அடித்தது.

நாங்கள் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எங்கள் மகள் கமலா சேலத்தில் குகை என்கிற பேட்டையில் தறி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோனது. நான்தான் ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, அவளைப் பார்த்துவிட்டு வருவேன். தொண்ணூற்று இரண்டில் அவள் மாசமானாள். அவளை வீட்டுக்கு அழைத்து வந்து நாலு நாள் வாய்க்கு ருசியாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை.

"அப்பா வந்து வாயால கூப்புட்டா வர்றேம்மா" என்றாள் கமலா. "ஆனா மலை பஸ்ஸ நெனச்சாலே பயமா இருக்குது. சும்மாவே வளைவுக்கு வளைவு வாந்தி வரும். இப்பக் கேக்கவே வேண்டாம்."

அதை அப்படியே வந்து சொன்னேன். பெரியநாயகம் என்று பேர் வைத்துக்கொண்ட இந்த மனுஷன், முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

"நம்ம கார்லயே குலுங்காம ஏத்தீட்டு வந்தர்லாம் புள்ள" என்றார்.

நம்ம கார் என்பது எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன பழைய இங்கிலீஷ் வண்டி. இவருடைய ஒர்க்ஷாப்பில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியருக்கு வந்து, உதறி உதறித்தான் ஏறும். உதறாமல் ஏற வலு வேண்டுமாம். அதற்காக எங்கிருந்தோ ஒரு டர்போவைப் பிடித்து வந்து மாட்டினார். புகை போகிற வேகத்தில் அது சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுமாம். காற்று கூடினால் அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு அது ஆகாது என்று கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சிவிடுகிற இன்ஜெக்டர் வாங்கி வந்தார்.

ஒரு செட் அல்ல, இரண்டு செட். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டும் வெளிநாட்டுக் கார்களிலிருந்து உடைத்து எடுத்தவை. எது தோதுப்படும் என்று பார்க்க என்னுடைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் போயின. பாட்டிலுக்கு ஒரு இன்ஜெக்டர். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து பீய்ச்சவிட்டு, எதில் எவ்வளவு நிறைந்தது என்று குனிந்து பார்ப்பார். மட்டம் ஒன்றாக வரும்வரை கழுவுவார், மாற்றுவார், திரும்பப் பீய்ச்சுவார். சீரகம் போட்டு வைக்க எனக்குப் பாட்டில் இல்லை.

சின்ன செட் போட்டபோது, நிற்கிற வண்டியில் எஞ்சின் பூனை மாதிரி அடக்கமாக ஓடியது. ஆனால் மிதித்து டர்போ வேலை செய்ய ஆரம்பித்தால், "தெறந்தது தெறந்தபடியே ஊத்துனாலும் பெட்ரோல் பத்த மாட்டேங்குது" என்றார். பெரிய செட் போட்டால் நிற்கிற இடத்திலேயே கரும்புகை. கடைசியில் பெரியதையே வைத்துக்கொண்டார். அது எவ்வளவு நேரம் திறந்து மூட வேண்டும் என்று சொல்ல ஒரு பெட்டி செய்து, அதில் ஒரு திருகும் வைத்தார். திருகைத் துளி திருப்புவார், மலைமேலேயே நாகலூர் ரோட்டில் ஒரு மிதி மிதித்துவிட்டு வருவார், எஞ்சினுக்குள் பொறி தட்டுகிற பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. பால் டீ நிறம் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கமலாவுக்கு அதற்குள் ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது.

"ஏனுங்க, இதுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா ஆயிருக்குமே" என்றேன். அவர் பிளக்கைத் திரும்ப மாட்டப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். எங்கள் மலைக்காரர்கள் யாரும் இறக்கத்தில் எஞ்சினை ஓடவிட மாட்டார்கள். பெட்ரோல் மிச்சம் என்று அணைத்துவிட்டு, நியூட்ரலில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உருட்டிக்கொண்டே அடிவாரம் போய்விடுவார்கள். இவரும் அப்படித்தான் உருட்டினார். நான் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்தில் எஞ்சினைப் போட்டு, சேலத்துக் கூட்டத்தில் ஊர்ந்து குகைக்குப் போனோம்.

இறங்கி உள்ளே வருவார் என்று நினைத்தேன். தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். மருமகன் பையைக் கொண்டுவந்து வைத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். இவர் ஒரு "ம்" போட்டார். கமலா பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பனின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏற்றம் தொடங்கியதும் மிதித்தார். வண்டி உண்மையிலேயே உதறாமல் ஏறியது. அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. முதல் வளைவு தாண்டியதும் உள்ளே பட்டாணி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது வளைவில் படீர் என்றது. பின்னால் நீலப்புகை. வண்டி செத்துப்போனது.

அவர் பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பிஸ்டன் ஓட்டையாயிருச்சு" என்றார் என்னிடம். "மேலயே வெச்சு அளவு பாத்துட்டேன் புள்ள. மலைல காத்து லேசு. கீழ கனமா இருக்கும். காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் பத்தல. இத்தன தடவ கீழ போயிட்டு வந்தும் இத யோசிக்காம உட்டுட்டேன்."

"அவ ஊட்டுக்கும் நீங்க அப்படித்தான் போனீங்க" என்றேன். எனக்குக் கோபப்படக்கூட தெம்பில்லை. "எஞ்சின அணச்சு உருட்டற மாதிரி, வாயத் தொறக்காமயே போயிட்டு வந்தாச்சு."

கமலா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"இத்தனையும் எதுக்குங்கப்பா?"

"உனக்கு பஸ்ஸு ஆகாதுன்னு உங்கம்மா சொன்னா."

"கூப்புட்டா வர்றேன்னும் சொன்னனே. அத அம்மா சொல்லலீங்களா? நீங்க வந்து கூப்புட்டிருந்தா பஸ்லயே வந்திருப்பனுங்க."

அவர் பிளக்கைத் துண்டில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கீழே ஏற்காட்டு பஸ் உறுமிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

"வா கண்ணு" என்றார். "நம்மூட்டுக்குப் போலாம்."

கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். காரின் முன்மூடியைக்கூடச் சாத்தவில்லை. கமலாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். நான் பின்னால். அந்த ரோட்டில் அவருக்குத் தெரியாத கல் கிடையாது.

"இப்ப எடது பக்கம் சாயும் சாமி, என்னையப் புடிச்சுக்க" என்பார். பஸ் இடது பக்கம் சாயும். "இப்ப வலது பக்கம்." வலது பக்கம் சாயும். ஒவ்வொரு வளைவையும் அது வருமுன்னே சொல்லிக்கொண்டு வந்தார். மகளிடம் அத்தனை வருஷம் பேசாத வாய்.

பாதி மலையில் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் அவர் துண்டை இரண்டு கையாலும் ஏந்தினார். எல்லாம் துண்டிலும் அவர் சட்டையிலும் கொட்டியது. கமலா அழுதாள்.

"இருக்கட்டும் கண்ணு" என்றார். "அடுத்தது எடது பக்கம்."