பன்றியைச் சுட்ட துப்பாக்கி

சுயம்பு செத்தபோது மகன் சுயம்புராஜுக்கு மிஞ்சியவை இரண்டு. எந்தத் துரையோ எஸ்டேட்டில் விட்டுப்போன பழைய பட்டாளத்து ரைபிள் ஒன்று. பக்கத்து விளைக்காரர் பகவதியப்பனின் ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோட்டுக்குப் போகும் பாதை மற்றொன்று. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. பாதைக்கு வாய்வார்த்தை மட்டும்தான். அது இல்லையென்றால் கட்டப்போகும் புது வீட்டுக்கு ஒரு கல் லாரிகூட வராது. பகவதியப்பனோ அதைப் பதிவு செய்து தருவதாகவே ஒத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு பன்றியின் புண்ணியம். முப்பது வருடத்துக்கு முன் வேலித் தகராறில் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றபோது, காட்டுப்பன்றி ஒன்று பகவதியப்பன் மேல் பாய வந்தது. சுயம்பு கையிலிருந்த ரைபிளால் ஒரே வெடியில் அதைச் சாய்த்தார். மறுநாளே பாதை கிடைத்தது. துப்பாக்கி சுவரில் ஏறியது. அதன் பிறகு அதைத் துடைக்கக்கூட அவர் யாரையும் விடவில்லை.

பகவதியப்பன் பத்திர விஷயம் பேச வந்த அன்று சுயம்புராஜின் வாய் சும்மா இருந்திருக்கலாம். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவனுக்கு அது முடியுமா? துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினான்.

"இந்தா, ஏணி மாதிரி இருக்குல்லா மாமா, இத நிமித்தினா தூரத்துக்குக் குறி பாக்குத சைட். பக்கத்துக்குன்னா மடக்கி வைக்கணும். இதுல உள்ள வெட்டும் குழல் நுனியில உள்ள முள்ளும் ஒரே நேர்ல வரணும்."

நுனியை அழுத்தித் துடைத்தான். முள்ளின் அடியில் ஒரு கோடு, அது உட்கார்ந்த கட்டையில் ஒரு கோடு. இரண்டும் சேரவில்லை. முள் இடப்பக்கம் நகர்ந்து, அப்படியே துருவேறி இறுகிக் கிடந்தது.

"கோடு ரெண்டும் சேரலியே, அதுக்கென்ன மக்கா?"

"முள்ளு இடது பக்கம் போனா குண்டு வலது பக்கம் போவும் மாமா. வச்ச குறியில கொள்ளாது."

பகவதியப்பன் கையை நீட்டிக் கணக்குப் போட்டார். "ஒனக்க அப்பன் பார்த்தா பன்னி வலது பக்கம். அப்போ அவன் குறி வச்சது இடது பக்கம். அங்க நான்லா நின்னேன்!"

நுணலும் தன் வாயால் கெடும். சுயம்புராஜ் அவசரமாகக் கட்டைவிரலால் முள்ளை மறைத்தான்.

"அன்னைக்கு முள்ளு நேராத்தான் இருந்திருக்கும் மாமா. நன்றி மறந்து பேசாதீங்க."

"நன்றியா? ஓடுத பன்னியவே ஒரே வெடியில சாய்க்கானே, இவன்கிட்ட வேலி வழக்கு பேசினா அடுத்த வெடி நமக்குத்தான்னு பயந்துல்லா ஏலே பாதைய விட்டேன்! அசையாம நின்ன எனக்க மேலயே குண்டைக் கொள்ள வைக்கத் தெரியாதவனுக்கா முப்பது வருசம் பயந்தேன்?"

சாயங்காலத்துக்குள் பாதையின் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்.