நிக்கல் உரிந்த இடம்

அன்று பூச்சுக்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளியான பெரியவர். அவருடைய உடன்பிறந்த தம்பி சின்னவர். பெரியவரின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், ஆவிக்குள்ளேயே நின்று பழகியதால் 'புகை' என்று பேர் வாங்கியவர். சரக்கு வாங்க வந்த கம்பெனியின் மேலாளர். அவரோடு வந்த பெண் என்ஜினியர். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

அந்தக் கூடத்தின் வேலை உலோகத்துக்கு மேல் உலோகம் ஏற்றுவது. பித்தளைக் குழாய், இரும்புக் கைப்பிடி, வண்டிகளின் பம்பர், எது வந்தாலும் நிக்கலோ குரோமியமோ பூசி முகம் பார்க்கிற மாதிரி திருப்பி அனுப்புவார்கள். பூச்சு உரிந்துவிட்டது என்று ஒரு திருகாணிகூடத் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது பெரியவரின் கழுத்து தானாகவே நிமிரும். நிமிர்ந்ததில் தவறும் இல்லை.

அதற்குக் காரணம் அந்த வீட்டு வழக்கம் என்பது அவருடைய நம்பிக்கை. பூச்சுக்குப் போகுமுன், பாலிஷ் முடிந்த ஒவ்வொரு சாமானையும் வீட்டின் மூத்தவர் தன் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். அப்பா செய்தார், அப்பாவுக்குப் பிறகு இவர். கண்ணுக்குத் தப்பிய பிசிர் விரலுக்குத் தப்பாது. விரலின் எண்ணெய்ப்பசை சாமானில் ஒட்டினால்தான் என்ன, அடுத்து வருகிற சோடாவிலும் ஆசிட்டிலும் அது போய்விடும். வியாபாரிகள் ரசீதைக்கூடப் பார்க்கமாட்டார்கள். "பெரியவர் விரல் பட்டுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கார்பன் இழை வந்தது. தலைமயிரை விட மெல்லிய கறுப்பு இழைகள், ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு நாடா மாதிரி, சுருள் சுருளாக. அதைப் பிசினில் பதித்து விமானத்துக்குள் வைக்கிற கருவிப்பெட்டிகள் செய்கிறார்கள். பெட்டி இலேசாக இருக்க வேண்டும். வெளி மின்காந்த அலைகள் உள்ளே நுழையவும் கூடாது. அதற்காக ஒவ்வோர் இழைமேலும் நிக்கல் ஏற்றித் தரச் சொன்னார்கள். பம்பர்கள் பிளாஸ்டிக்காகிவிட்டன. குழாய் வேலை பாதிக்கு வந்துவிட்டது. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

வேலையை எடுத்துக்கொண்டவர் சின்னவர். வேதியியல் படித்தவர். அண்ணன் கூப்பிட்டார் என்பதற்காக வெளியே கிடைத்த உத்தியோகத்தை விட்டு வந்தவர். முதல் முயற்சியில் நிக்கல் நன்றாக ஏறியது, மினுங்கவும் செய்தது. வளைத்ததும் காலுறை போலக் கழன்று வந்தது. உள்ளே இழை ஒன்றுமே நடக்காதது போலக் கறுப்பாக இருந்தது.

"இது ஒட்டலைண்ணே. சும்மா மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான்."

"வாடகைக்கு வந்த மாதிரியா சின்ன மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"வாடகைக்காரனாவது சொல்லிட்டுப் போவான் மாப்ள. இது சொல்லாமப் போகுது."

காரணத்தைச் சின்னவரே கண்டுபிடித்தார். நெய்யும்போது இழை பிரியாமல் இருக்க ஆலையிலேயே ஒரு மெல்லிய பிசினைத் தடவி அனுப்புகிறார்கள். நிக்கல் பிடித்துக்கொண்டது அந்தப் பிசினை; இழையை அல்ல. உலையில் வைத்துப் பிசினை எரித்தார். அப்போதும் இழை வழுவழுவென்று இருந்தது. உலோகம் பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. நைட்ரிக் ஆசிட்டில் முக்கிச் சொரசொரப்பாக்கினார். சீக்கிரம் எடுத்தால் பிடிப்பு வரவில்லை. கொஞ்சம் கூடுதலாக விட்டால் இழையே நைந்து முறிந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு பதத்தைத் தேடி, ஆசிட் தெறித்து மஞ்சளான விரல்களோடு மாதக்கணக்கில் மல்லாடினார். கடைசியில் ஒரு நாள் நாடாவைக் கம்பியில் வளைத்து, ஒட்டுத்தாளை அழுத்தி வெடுக்கென்று பிய்த்தார். தாள் நிக்கல் ஒட்டாமல் சுத்தமாக வந்தது. புகை விசிலடித்தார். அந்தக் கூடத்தில் விசிலடிப்பது வழக்கமில்லை; அன்று பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு சின்னவர் ஒரு விதி வைத்தார்.

"ஆசிட்ல இருந்து எடுத்துக் கழுவுனதுக்கு அப்புறம் யாரும் வெறுங்கையால தொடக்கூடாதுண்ணே. விரல் பசை பட்ட இடத்துல நிக்கல் பிடிக்காது. குழாய் மாதிரி இதுக்குப் பின்னாடி இன்னொரு கழுவல் கிடையாது. நேரா தொட்டிதான்."

"யாரும்னா?"

"யாரும்தான்."

"நானுமா?"

சின்னவர் தரையைப் பார்த்தார். "வேணும்னா சுருள் வந்து இறங்கும்போதே தடவிப் பாருங்க."

"அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடியே உப்புப் பார்க்கச் சொல்றே. நல்லா இருக்குடா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் பெரியவர். ஆனால் அது நெஞ்சில் முள்ளாக நின்றது. கார்பன் வேலை நடக்கிற மூலைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

கம்பெனிக்காரர்கள் செய்முறையைப் பார்க்க வந்த அன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சட்டத்தில் நீட்டிக் கட்டிய நாடா உலைக்குப் போய் வந்தது, ஆசிட்டில் முங்கியது, கழுவி எடுத்து நிக்கல் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். என்ஜினியர் குனிந்து உலையின் வெப்பமானியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேலியாகக் கேட்டார்:

"என்ன பெரியவரே, விரலைக் காணோம்? எங்கப்பா உங்கப்பா விரலைப் பார்த்துட்டுத்தான் வண்டியில சரக்கை ஏத்துவாராம்."

"மாமா விரல் படாம இங்க எதுவும் நகராது சார்," என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

பெரியவர் தம்பியைப் பார்த்தார். பிறகு முன்னால் போய், நாடாவின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு சாண் தூரம் இழுத்தார்.

சின்னவரின் கை பாதி எழுந்தது. வெளியாள் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை இறங்கிவிட்டது. அந்த வீட்டில் எந்தத் தம்பியும் பிறர் முன்னால் அண்ணன் கையைத் தடுத்ததில்லை. தடுக்கமாட்டான் என்று தெரிந்துதான் பெரியவரும் விரலை வைத்தார்.

நாடா தொட்டிக்குள் போனது. வெளியே வந்தபோது முழுக்க வெள்ளியாக மின்னியது, மேலாளர் தலையாட்டினார். என்ஜினியர் அதை வாங்கி ஓரத்தில் வளைத்து, ஒட்டுத்தாளை ஒட்டிப் பிய்த்தார். சுத்தம். மறு ஓரம். சுத்தம். நடுவில் ஒட்டிப் பிய்த்தபோது தாளோடு ஒரு வெள்ளித் தோல் உரிந்து வந்தது. அடியில் கறுப்பு. ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம்.

"இங்க மட்டும் எப்படி?" என்றார் என்ஜினியர். "ரெண்டு பக்கமும் இவ்வளவு நல்லாப் பிடிச்சிருக்கே. யாரு இதைக் கையாண்டது?"

புகை தொட்டிக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். மேலாளருக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த வேலையின் நுணுக்கம் தெரியாது. பெரியவருக்குத் தெரியும். சின்னவர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குற்றம் சொல்கிற பார்வை அல்ல அது; காத்திருக்கிற பார்வை. காத்திருந்து பார்த்துவிட்டு அவரே வாயைத் திறந்தார்.

"என் தப்பு மேடம். நடுவுல தொய்வு விழுந்திருக்கு. ஆசிட்ல சரியா முங்கலை. நான் கவனிச்சிருக்கணும்."

அவர்கள் வண்டியேறிப் போன பிறகு, கை கழுவும் இடத்தில் பெரியவர் தம்பியைப் பிடித்தார்.

"என்னடா அப்படிச் சொல்லிட்டே?"

"வேற எப்படிச் சொல்லணும்?"

"நான்தான் இருக்கேன்ல."

"இருந்தீங்கண்ணே. வாயைத் திறப்பீங்கன்னு பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

"ஆளுங்க முன்னாடி எப்படிடா..."

"நானும் அதே ஆளுங்க முன்னாடிதான் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு சின்னவர் குழாயை மூடினார்.

மறுநாள் மேலாளர் தொலைபேசியில் பேசினார். மாப்பிள்ளை கேட்டுவிட்டு, கருவியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"மாமா, ஆர்டர் நமக்குத்தானாம். முறை சரியா இருக்காம். ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. கவனக்குறைவா இருந்த ஆளு இந்த வேலையில இருக்கக்கூடாதாம். சரின்னு சொல்லிடவா? சின்ன மாமாவைக் குழாய்ப் பக்கம் போட்டுக்கலாம். பேருக்குத்தானே?"

பெரியவர் அந்தப் பொத்திய கையைப் பார்த்தார். 'அது என் விரல்' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை அந்த அறையோடு நிற்காது. நாளைக்கே கடைவீதிக்குப் போகும். பெரியவர் கை வைத்தால் பூச்சு உரியும் என்பார்கள்; அப்பாவின் விரலையும் சேர்த்து இழுப்பார்கள். தம்பி வீட்டு ஆள். விழுங்கிக்கொள்வான். கடைவீதி விழுங்காது.

"சரின்னு சொல்லு," என்றார்.

சின்னவரிடம் அவரே போய்ச் சொன்னார். அந்த அளவுக்கு அவரிடம் நேர்மை இருந்தது. சின்னவர் உலைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் தப்பு செஞ்சேனா?"

"முடிஞ்சதைக் கிளறாதேடா."

சின்னவர் சிரித்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. உலைச் சூட்டையும் ஆசிட்டின் பதத்தையும் புகைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். புகையின் கையில் நாடா உரியாமல் வரும்வரை இருந்தார். பிறகு வேறொரு ஊரில், வேறொருவர் கூடத்தில், சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டார்.

வெறுங்கையால் தொடக்கூடாது என்று தொட்டிக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. அடியில் பெரியவரின் கையெழுத்து. சரக்கு போய்க்கொண்டே இருந்தது. ஒரு சுருளும் திரும்பி வரவில்லை. அடுத்த முறை வந்த என்ஜினியர், "நீங்க நேர்ல இறங்கிப் பார்த்த பிறகுதான் ஒழுங்காச்சு சார்," என்றார். பெரியவர் அந்தப் பாராட்டைத் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டு விசேஷங்களில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். சின்னவர் இன்றைக்கும் எழுந்து நின்றுதான் "வாங்கண்ணே" என்கிறார். அந்த மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. குறை இருந்திருந்தால் பெரியவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சின்னவருக்குக் கைப்பதம் போதாது, சரக்கைக் கெடுத்தார், அதனால் அண்ணன் வெளியே அனுப்பிவிட்டார் என்று கடைவீதியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சரக்கைக் கெடுத்தவர் பெரியவர். சின்னவரை யாரும் அனுப்பவில்லை; அவராகப் போனார்.