பன்னிரண்டாவது படி

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பச்சையப்பன் என்று ஒருவன் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை, திருத்தணி வாசகசாலையில், ‘மனத்தில் நிற்கும்படி பிரசங்கம் செய்வது எப்படி’ என்று என்னைப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசு, கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு உட்கார் என்று பத்து நிமிஷம் அளந்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கியே போனார்கள். அந்தப் பதற்றத்தில் வாயில் வந்த பெயர்தான் பச்சையப்பன். “இரண்டு வருஷம் முன்னால், நாற்பத்தாறில், பக்கத்துக் கிராமத்தில் ஓர் அதிகாரி முன்னால் அவன் பேசினான் பாருங்கள்” என்று ஆரம்பித்தேன். தூங்கினவர்கள் எழுந்துகொண்டார்கள். பாதியில் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். விட்டால் போதும் என்று இறங்கினேன்.

வாசலில் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஜமீல் அகமது, அரக்கோணத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை.

“அய்யா, அவன் சம்சாரம், அந்த அம்சா, நல்லபடியா பெத்துகினாங்களா?”

எனக்கு எப்படித் தெரியும்? “எழுதி அனுப்புறேங்க” என்றேன்.

“ஆங், சீக்கிரம் அனுப்புங்க. எங்க வூட்லயும் ஏழு மாசம்.”

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

“தணிகை மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல –”

வேண்டாம். ஜமீலுக்குச் சூரியன் எதற்கு?

“மேற்படி கிராமத்தில் வசிக்கும் விவசாயி பச்சையப்பன் என்பவன் –”

இது பத்திரம் பதிகிற மாதிரி இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன். திருத்தணிக்குத் தெற்கே நாலு மைலில் ஒரு கிராமம். அங்கே பிரசவம் பார்க்க ஆள் இல்லை. பச்சையப்பனுக்கும் அம்சாவுக்கும் பிறந்த முதல் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டு வண்டியிலேயே இறந்துபோனது. இப்போது அம்சாவுக்கு மறுபடி ஏழாம் மாதம். ஜில்லாத் தலைநகர் சித்தூரிலிருந்து ஊர்க்குறை கேட்க அதிகாரி வருகிறார். ஊர் சார்பில் ஒருவர் ஐந்து நிமிஷம் பேசலாம். பச்சையப்பன் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டான்.

(எழுதப் படிக்கத் தெரியாதவன் பேச்சுத் தயாரிப்பானா என்று கேட்பீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். அப்புறம், எழுதி வைத்துக்கொள்ள முடியாதவன்தான் நன்றாகத் தயாரிப்பான் என்று தோன்றியது.)

3

அவன் தினமும் தணிகை மலைக் கோயிலுக்குப் படியேறிப் பூக்கூடை சுமப்பவன். படிக்கு ஒரு வாக்கியமாக மனப்பாடம் செய்தான்.* அம்சா அடிவாரத்தில் வண்டியருகே உட்கார்ந்து கேட்பாள்.

“இன்னா மாமா, ஏரி கதை, மாடு கதையெல்லாம் எதுக்கு?”

“மொதல்ல ஊரைப் பத்தி சொல்ல வேணாமா?”

“ஊரைப் பாத்துகினேதான வர்றாரு, அவருக்குக் கண்ணு இல்லியா? நமக்கு வேண்டியத கேளு.”

ஏரி போயிற்று, மாடு போயிற்று. பன்னிரண்டு வாக்கியம் மிஞ்சியது. பதினொன்றாவது: “வண்டியிலயே எங்க புள்ள போயிடுச்சிங்க.” அதைச் சொன்னதும் ஒவ்வொரு நாளும் ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்காமல் நிற்பான். கீழேயிருந்து அம்சாதான் பன்னிரண்டாவதைச் சொல்வாள்:

“எங்க ஊருக்கு ஒரு நர்சம்மா வேணும்ங்க.”

அதைக் கேட்டபிறகுதான் அவன் காலை வைப்பான். ஒரு நாள்கூட அந்த வாக்கியத்தை அவன் தன் வாயால் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை. பாவம், எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

* மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படிகள். நான் பேச்சுக்கு அறுபது வாக்கியமாவது வேண்டும் என்றேன். பன்னிரண்டு போதும் என்பது அம்சாவின் தீர்ப்பு.

4

ஊர்ச் சாவடி. அதிகாரி நாற்காலியில். பெண்கள் சுவருக்கு வெளியே.

பச்சையப்பன் பேசினான். வாக்கியத்துக்கு ஒரு தடவை கால் தூக்கி வைத்தான். முதலில் சிலர் சிரித்தார்கள். ஐந்தாவதில் சிரிப்பு நின்றது. பதினொன்றாவதில் அதிகாரியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேஷ், நன்றாகப் பேசினாய்” என்று கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பச்சையப்பன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

“வேறென்ன?” என்று அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: சுவருக்கு வெளியேயிருந்து அம்சா சொன்னாள் –

எழுதிக் கிழித்தேன். இத்தனை பேர் நடுவில் அந்தப் பதினொன்றாவதை அவளும் முதல் தடவையாகக் கேட்கிறாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். அவளைப் பேச வைக்க எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: பச்சையப்பனே தன்னைச் சமாளித்துக்கொண்டு –

எப்படிச் சமாளிப்பான்? சும்மா இருங்கள்.

நானே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொன்னால் அது கதாசிரியர் போட்ட பிச்சை. அதிகாரி காதில் விழாது.

ஜமீல் பாய், சாவடியில் கடைசி வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் போட்டிருக்கிறேன். பக்கத்தில், இதைப் படிக்கிற இன்னொருவருக்கும். அதிகாரி ஃபைலை மூடுகிறார். பச்சையப்பன் கால் இன்னும் தரையில் படவில்லை. கேட்கவேண்டிய வாக்கியம் உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று, சுவருக்கு வெளியே கேட்கிற மாதிரி உரக்கக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.