இன்னும் பிறக்காதவர்கள்

தம்பி இறந்த பிறகும் அக்கா ஒரு கூட்டத்தைக்கூட ரத்து செய்யவில்லை. மக்கள்தொகை ஆராய்ச்சி அவள் வேலை. வாரக் கடைசிகளில் நூலகங்களிலும் கல்லூரிகளிலும், இருநூறு வருடம் கழித்து வாழப்போகிறவர்களைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசுவாள். அவர்களுக்கு நிலத்தடி நீர் மிஞ்சுமா, நாம் புதைத்துவைக்கும் விஷக் கழிவை அவர்கள் தெரியாமல் தோண்டிவிடாதபடி எப்படி எச்சரிப்பது, இந்த மாதிரி.

தம்பி அவளை 'நாளைக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவான். "இருநூறு வருஷம் கழிச்சு வர்றவனுக்குத் தண்ணி இருக்கான்னு கவலப்படுவா. வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னா மட்டும் நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். ஒரு மத்தியானம் அலுவலக மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை.

அக்கா அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எல்லாமே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. மேடையில் பேச்சு தானாக வந்தது. சிரிக்கவேண்டிய இடத்தில் கூட்டம் சிரித்தது. கைதட்டலுக்கும் குறைவில்லை.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தின் மாடி அரங்கு நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொல்வது அக்காவின் வழக்கம். இன்னும் பிறக்காத ஒருவர் அதில் உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பாள். பாதிப் பேச்சில் ஒருத்தி உள்ளே வந்தாள். இடம் தேடிக்கொண்டே முன்னால் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நூலகர் பதறிப்போய் எழுந்தார்.

வந்தவள் தம்பி மனைவி. அதுவரை அக்காவின் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

"பரவால்ல, இருக்கட்டும்" என்று அக்கா மைக்கிலேயே சொன்னாள். கூட்டம் அதற்கும் சிரித்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பைகளோடு நின்றபோது, தம்பி மனைவி அவளை ஜன்னலோரம் கூட்டிப்போனாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"குழந்தைக்காகப் போயிட்டிருந்தோம். அவரு உங்ககிட்ட சொல்லலாம்னுதான் சொன்னாரு. மொதல்ல உண்டாகட்டும்னு நான்தான் அவர் வாயக் கட்டி வச்சேன்." கையிலிருந்த கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தாள். "ரெண்டு கரு இருக்கு அண்ணி. உறைய வச்சிருக்காங்க. அவரு இல்லாம இனி என்ன பண்ணப்போறீங்கன்னு கேக்குறாங்க."

அக்கா கையிலிருந்த தேநீரைப் பார்த்தாள். ஆடை கட்டியிருந்தது.

"பிறக்காதவங்களுக்கும் நம்மமேல உரிமை உண்டுன்னு இப்பச் சொன்னீங்களே. இந்த ரெண்டும் அதுல சேத்தியா?"

எத்தனையோ கோணல் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்னவள் அக்கா. "அது வேற" என்றாள்.

"எப்படி வேற?"

"நான் பேசுறது எப்படியும் வரப்போறவங்களப் பத்தி. இது…" கோப்பையிலிருந்த ஆடையை விரலால் ஒதுக்கினாள். "தெரியலம்மா."

தம்பி மனைவிக்குக் கோபம் வரவில்லை. "எனக்கு ஆசையும் இல்ல, வெறுப்பும் இல்ல. காலைல எந்திரிக்கிறேன், பல்லு விளக்குறேன், அவ்வளவுதான். நீங்க வேணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, பெத்துத் தரேன். இல்லன்னா விட்டுடலாம்."

பெத்துத் தரேன். கடையில் ஏதாவது வாங்கித் தருகிறேன் என்பதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவின் கண்ணில் தம்பியின் காதுகள்தான். விசிறி மாதிரி விரிந்த காதுகள். அதே காதுகளோடு ஒரு குழந்தை கூடத்தில் தவழ்ந்தது. 'வேணும்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வீட்டில் அம்மா டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் போனதிலிருந்து அப்படித்தான். இந்தச் செய்தி காதில் விழுந்தால் அம்மா ஓடிப்போய் அந்தப் பெண்ணின் காலில் விழுந்துவிடுவாள். என் பிள்ளை திரும்ப வரப்போறான் என்பாள்.

அதை நினைத்ததும் அக்காவுக்குத் தன்னுடைய ஆசையும் புரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது குழந்தை இல்லை. தம்பி. அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகப் பெத்துக்காதம்மா. உனக்கு வேணும்னா பெத்துக்கோ. எதுவானாலும் நான் கூட இருப்பேன்."

"அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. நான் சொல்லமாட்டேன்."

தம்பி மனைவி ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "அவரோட சேந்து வளக்கத்தான் ஆசப்பட்டேன். அவரு இல்லாம எனக்கு வேண்டாம் அண்ணி. இத வாய்விட்டுச் சொன்னா நான் கெட்டவளாயிடுவேனோன்னு இருந்துச்சு."

"ஆகமாட்ட" என்றாள் அக்கா.

இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். செவிலி தன்மையாகப் பேசினாள். பார்க்க வேண்டுமா என்று கேட்டு, உள்ளே அழைத்துப் போனாள். பால் கேன் மாதிரி உலோகப் பாத்திரங்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒன்றின் மூடியைத் தூக்கியதும் வெண்புகை எழுந்து தரையில் வழிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டது அக்காதான்.

"ஊசிமுனையவிடச் சின்னதும்மா. வலி தெரிய அதுல இன்னும் எதுவும் உருவாகல."

கருக்களை இனி வைத்திருக்க வேண்டாம் என்ற படிவத்தில் தம்பி மனைவி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். செவிலி அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. இருவரும் விளம்பரப் பலகையின் நிழலில் ஒதுங்கி நின்றார்கள்.

"இனிமே உங்களுக்கும் எனக்கும் நடுவுல உறவுன்னு ஒண்ணும் இல்லல்ல?" என்றாள் தம்பி மனைவி. "நான் உங்கள என்னன்னு கூப்பிடுறது?"

அக்கா யோசித்தாள்.

"இப்ப எப்படிக் கூப்பிடுற?"

"அண்ணின்னு."

"வேற மாதிரி கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கமாட்டேன்."

தம்பி மனைவி சிரிக்கவில்லை, அழவுமில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பேருந்து வந்தது. படியில் ஆள் தொங்கும் கூட்டம். அதை விட்டுவிட்டு அடுத்ததற்காக நின்றார்கள்.