செத்தவர் கதைக்கப்படாது

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த கையோடு கொட்டாஞ்சேனையில் ஆளுக்கொரு உத்தியோகம் கிடைத்தது. சிலர் விமானத் தாக்குதல் காவலுக்கு ஏ.ஆர்.பி. வார்டன் ஆனார்கள், சிலர் மணல் வாளி காவினார்கள். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த யேசுரட்ணத்துக்குக் கிடைத்தது பிணமாகக் கிடக்கும் வேலை.

விமானத் தாக்குதல் ஒத்திகை அன்று பின்னேரம் சங்கு ஊதியதும், அடுத்த வீட்டு வார்டன் சவுந்தரநாயகம் இரும்புத் தொப்பியோடு வந்து யேசுரட்ணத்தின் சட்டையில் ஒரு சீட்டைக் குத்தினார். 'இறந்தவர்' என்று எழுதியிருந்தது.

"உங்கட வீட்டிலை குண்டு விழுந்திட்டுது. ஆம்புலன்ஸ் வான் வந்து ஏத்துமட்டும் விறாந்தையிலை படுத்திருங்கோ. செத்தவர் எழும்பப்படாது, கதைக்கப்படாது."

"இப்ப ஐறீனைப் பொம்பிளை பாக்க வருகினம், சவுந்தரம்."

"ஜப்பான்காரன் நல்ல நேரம் பாத்தே வருவான்?"

யேசுரட்ணம் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். சட்டம் என்றால் சட்டம். பாயை விரித்துப் படுத்தார்.

மகள் ஐறீனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. முன்னர் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போனது தகப்பனின் வாயால்தான். மனிதர் தங்கமானவர், வாய்தான் சும்மா இராது. முதல் வந்தவர்களிடம், மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பல் கட்டியது எந்த டாக்குத்தர் என்று விசாரித்தார். அடுத்து வந்தவர்கள் கொள்ளுப்பிட்டிப் பணக்காரர். அங்கேயும் கோயிலுக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவர்கள் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். இதுவும் குழம்பினால் கன்னியர் மடத்துக்குப் போய்விடுவேன் என்று ஐறீன் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

ஹெந்தளை மாப்பிள்ளையும் அவனுடைய பெரியம்மாவும் ரிக்ஷோவில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தகப்பன் நெஞ்சில் சீட்டோடு விறாந்தையில் கிடந்தார். அவருடைய மனைவி றஞ்சிதம் விஷயத்தை விளக்கி, உள்ளே வரச் சொன்னாள்.

பெரியம்மா குனிந்து சீட்டை வாசித்தாள். "ஒத்திகையோ என்னவோ, பிரேதத்தைத் தனிய விட்டிட்டு உள்ளுக்கு இருக்கிறது முறையில்லை."

ஆகவே கதிரைகள் வெளியே வந்தன. பெண் பார்க்கும் காரியம் பிணத்தைச் சுற்றி நடந்தது. ஐறீன் தேத்தண்ணித் தட்டோடு தகப்பனின் காலைக் கடக்காமல் சுற்றிப் போய்க் கொடுத்தாள். செத்த வீடுகளில் செபம் சொல்லும் முன்வீட்டு றோஸி எட்டிப் பார்த்தாள். படுத்திருக்கும் ஆளையும் சுற்றியிருக்கும் கதிரைகளையும் கண்டதும், பழக்கதோஷத்தில் செபமாலையோடு வந்து ஒரு மூலையில் குந்திக்கொண்டாள்.

"உங்கட அவருக்குத் துறைமுகத்திலை பெரிய வேலையோ?" என்று பெரியம்மா கேட்டாள்.

"ஓம்," என்றாள் றஞ்சிதம்.

பெரிய வேலை இல்லை. ஆனால் அதைத் திருத்த அவருக்கு வழியில்லை. மூக்கில் ஒரு ஈ வந்து இருந்தது. ஈக்குச் சட்டம் தெரியாது.

"எங்கட ஹெந்தளைத் திருநாளைப் பாத்தால்," என்றாள் பெரியம்மா கேக்கைக் கடித்துக்கொண்டு, "கொட்டாஞ்சேனைத் திருநாள் ஒரு திருநாளே இல்லை."

யேசுரட்ணத்தின் கால் பெருவிரல் துடித்தது. வருஷா வருஷம் அந்தத் திருநாளில் சுரூபம் சுமக்கிற தோள் அவருடையது. நாக்கு நுனியில் பதில்கள் வரிசையாக நின்றன. ஹெந்தளைத் திருநாள் கூட்டத்தில் பாதி ஆடுகள் என்பதுதான் அவற்றில் மரியாதையானது. பல்லைக் கடித்துக்கொண்டு செத்துக் கிடந்தார்.

கடைசியில் பெரியம்மா எழும்பினாள். "பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டுது. தகப்பனை அதைவிடப் பிடிச்சுக்கொண்டுது. இப்பிடிப் பொறுமையான மனுசனை நான் எங்கையும் காணேல்லை. கலியாணத்தை வைகாசியிலை வைப்பம்."

ரிக்ஷோ மறைந்த பிறகுதான் சவுந்தரநாயகம் வந்தார். வான் வழியில் பழுதாம், எழும்பலாமாம். யேசுரட்ணம் துள்ளி எழுந்து, ஆடுகளில் தொடங்கி, அடைத்து வைத்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"அது கிடக்கட்டும். இந்த ஒழுங்கையிலை சாகிறதுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ உமக்கு?"

சவுந்தரநாயகம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் உங்களுக்குக் காயக்காரர் சீட்டுத்தான் எடுத்து வச்சனான். ஐறீன்தான் நேற்று வந்து மாத்திக் கேட்டவ. காயக்காரர் கதைப்பினமாம்."

யேசுரட்ணத்துக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பெற்ற மகளே கேட்டு வாங்கிய சாவு. குசினியில் ஐறீன் கோப்பை கழுவிக்கொண்டு பாடுவது கேட்டது. அவள் பாடி அவர் கேட்டு எவ்வளவோ காலம்.

சவுந்தரநாயகம் சீட்டைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். யேசுரட்ணம் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும்," என்றார். "வைகாசியிலை ஒரு நாளைக்குத் தேவைப்படும்."