செனட்டரின் கையெழுத்து

போகாது, இந்த மை இனிப் போகவே போகாது என்று நினைத்தபடி, இறந்து கிடந்த முன்னாள் செனட்டரான அப்பாவின் விரலை ஈரத்துணியால் துடைத்தாள் கெசையா. உயிர் பிரிந்து அரைமணிகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு டார்க்கஸ் அம்மாள், சாவு வீட்டு வழக்கப்படி, சுவர்க் கண்ணாடியின்மேல் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அமாசா ஒரு தாளைக் கட்டிலில் வைத்தான்.

“பாஸ்டன் பத்திரிகைக்கு. வர்ற தேர்தல்ல என் பையனுக்கே ஓட்டுப் போடுங்கன்னு அப்பா சொல்ற மாதிரி எழுதிட்டேன். தேதி நேத்தைக்கு. கையெழுத்து மட்டும் வேணும்.”

“அண்ணா, அப்பா போயிட்டாரு.”

“விரல் இன்னும் விறைக்கலியே. தினமும் நீதானே கையைப் புடிச்சுப் போட வெச்சே? இன்னைக்கும் அதே கைதானே?”

“பொணத்துக்கிட்டயே ஓட்டுக் கேக்கிறீங்களே தம்பி,” என்றாள் டார்க்கஸ். “கூடவே ஒரு பீப்பாய் ரம் கொண்டு வந்திருந்தா எந்திரிச்சே போட்டிருப்பாரு.”

“நீங்க சும்மா இருங்க.” அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். “கெசி, போன தடவை மயிரிழையில தோத்தேன். இந்தத் தடவையும் போச்சுன்னா என்னை ஒருத்தனும் சீண்ட மாட்டான். இது ஒண்ணு போதும்மா.”

அவள் அப்பாவின் கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்தபிறகு அவர் சொல்லச் சொல்லக் கடிதங்களை எழுதியவள் அவள்தான். கையெழுத்தை மட்டும் அவரேதான் போடுவார். அவள் கனத்தைத் தாங்குவாள், அவ்வளவுதான். போகும் திசை அவருடையது. வயிற்றுப் பிள்ளை புரளுவதுபோல ஒரு சிறு உந்தல் அவள் கையில் தெரியும். செனட் சபையில் தன்னைத் துரோகி என்று ஏசிய வர்ஜீனியாக்காரருக்குப் பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு எழுதிய அன்று, வழக்கம்போல ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்று அவள் முடித்திருந்தாள். கையெழுத்திடப் போன கை சட்டென்று நின்றது. மெல்லப் பின்னால் நகர்ந்து, ‘ஊழியன்’ என்பதை அடித்துவிட்டுக் கோணல்மாணலாக ‘நண்பன்’ என்று எழுதியது. கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாத கை அது.

இப்போது அதே கை. இத்தனை கனமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. எந்தப் பக்கமும் போகச் சொல்லவில்லை.

அமாசா இறகுப் பேனாவை மையில் தோய்த்து நீட்டினான்.

“வேண்டாண்ணா,” என்றாள்.

அவளுடைய இன்னொரு கை மடியில் சும்மாதான் கிடந்தது. பேனாவை வாங்க அது நீளவில்லை.