பஷீர் கடைக் கயிறு

வலது தோள்பட்டை நெருப்பாய் எரிந்தது. துறைமுகத்தில் கப்பல்மேல் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது அருள்பிரகாசத்தின் வேலை. ஷிப்டு முடிந்து காலையில் ராயபுரம் வீட்டுக்கு வந்தவனை உட்காரக்கூட விடாமல் வாசலில் நாய் குதித்தது. பெயர் பிஸ்கட். மனைவி ஃப்ளோரன்ஸ் குட்டியிலிருந்து பாலூற்றி வளர்த்தது.

"யோவ், இட்டுகினு போ. லாரி ரோட்டாண்ட மட்டும் கயித்த உட்றாத," என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள். தினமும் சொல்வதுதான்.

துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர்கள் ரோடு நெடுக வரிசை கட்டி நின்றன. பிஸ்கட் இழுத்த இழுப்பில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வண்டிதான் நிக்குதே, இன்னா ஆவப்போவுது என்று கழுத்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு பீடி பற்றவைத்தான். அதற்குள் வரிசை நகர்ந்தது. அலறல் கேட்டுத்தான் திரும்பினான்.

பிஸ்கட்டின் பின்னங்கால் நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். தோள்வலி அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. வாசலில் ஃப்ளோரன்ஸ் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது: "கயிறு அறுந்துட்ச்சுடி."

அவள் ஆட்டோ பிடிக்க ஓடினாள். அவன் பாக்கெட்டிலிருந்த கயிற்றை எடுத்து, மீன் ஆயும் அரிவாள்மணையில் இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டான்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் நசுங்கிய காலை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் நேராகக் காசிமேட்டில் பஷீரின் கயிற்றுக் கடை முன்னால் போய் நின்றாள். அருள் பின்னாலேயே போனான்.

"மக்கிப்போன கயித்தக் குடுத்து எம்புள்ள கால எடுத்துட்டியே பாய்! இத நம்பியா போட்டுக்காரங்க கடலுக்குப் போறாங்க?"

சுருள் ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்த போட்டுக்காரர் ஜோபின் அதைக் கீழே வைத்தார். "அப்பால வரேன் பாய்," என்று நழுவினார்.

பஷீர் அவர் போவதைப் பார்த்தார். பிறகு அருளைப் பார்த்தார். "நீயே சொல்லு அருளு, அறுந்துட்ச்சா?"

"ஆமா பாய்."

"அப்ப சரி. கப்பல்ல கட்டுப்போடற ஆளு. கயிறு உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப்போவுது? எம்மேலதான் தப்பு. மன்ச்சிக்கம்மா."

பெருவிரல் தடிமனில் புதுக் கயிறு ஒன்றை வெட்டி நீட்டினார். "காசெல்லாம் வாணாம்." அருளின் கை நீண்டு வாங்கிக்கொண்டது.

பிஸ்கட் இப்போது மூன்று காலில் தத்தித் தத்தி நடக்கிறது. இழுப்பதில்லை. கயிறே தேவையில்லை. ஆனாலும் அருள் அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறான்.

"இன்னா அருளு, இதுனாச்சும் தாங்குதா?" கடையிலிருந்து பஷீர் கேட்பார்.

"தாங்குது பாய்."

ஜோபின் இன்னும் வேறு கடையில்தான் கயிறு வாங்குகிறார். பழைய கயிறு அறுந்துபோகவில்லை, நான்தான் அவிழ்த்துவிட்டேன் என்று ஜோபின் காதுபட பஷீரிடம் சொல்ல வேண்டியது, அருள் இன்னும் தீர்க்காத கடன்.